தண்ணிப்பூச்சிக்கு ஒரு அம்மா

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போதுமா? இந்த ரூம்ல ரெண்டுக்கு மேல வைக்கிறதில்ல. காத்து ஜாஸ்தியானா தொட்டித் தண்ணி குறைஞ்சுடும்.

ஹேமாகிட்ட முக்கால் மணி நேரம் பேசினீங்க. நான் ஒட்டுக் கேக்கல, கதவு சாத்தித்தான் இருந்தது. இப்போ அவளை மாடிக்கு அனுப்பிட்டு என்னைத் தனியாக் கேக்கணும்ங்கறீங்க. கேளுங்க. உங்க ஹோம்ல இருந்து எங்களுக்கு ஒரு குழந்தை வருமா வராதான்னு நீங்க எழுதற ரிப்போர்ட்லதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் கடைக்கு லீவு போட்டிருக்கேன். கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற வேலை மேடம், பதினெட்டு வருஷமா. அது ஃபைல்லயே இருக்கும்.

என்ன கேட்டீங்க? ரெண்டு வருஷமா தத்து வேணாம்னு சொல்லிக்கிட்டு இருந்த ஆளு போன மார்கழியில திடீர்னு ஒத்துக்கிட்டது எதனால. நல்ல கேள்வி. நேராவே பதில் சொல்றேன். அந்தத் தொட்டியைப் பாருங்க. இல்ல, பெரிசு இல்ல, கீழ் தட்டுல இருக்கே, அது.

மீனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க நினைக்கிறது உங்க முகத்துலயே தெரியுது. வரேன். அவசரப்படாதீங்க.

அதுல கொட்டாங்குச்சி ஓட்டுக்குப் பக்கத்துல நிக்கிறா பாருங்க, சின்னதா, விரல்ல ரெண்டு கணு நீளம். அவதான். தலையில கொண்டையும் வாலுல சிவப்புமா ஓரத்துல சுத்தறானே, அது அவ புருஷன். குள்ள சிக்லிட்னு சொல்லுவாங்க. கடையில அப்பிஸ்டோன்னு கேட்டாத்தான் தருவான். அமேசான் பக்கத்து ஓடையில இருக்கற ஜாதி. இங்க கொளத்தூர்ல மொத மாடியில இருக்கு.

மத்த மீனுங்க மாதிரி முட்டையை இறைச்சுட்டுப் போறது இல்ல இது. கொட்டாங்குச்சிக்குள்ள கூரையில ஒட்ட வெச்சு, வாசல்லயே நின்னு அம்மாக்காரி காவல் காப்பா. அந்த நேரத்துல உடம்பு பூரா மஞ்சளாயிடும். எலுமிச்சம்பழ மஞ்சள். அப்பாவை உள்ள விட மாட்டா. அவன் ஓரமா நின்னு வெளியில இருந்து வர்றவனைத் துரத்தணும். அவ்வளவுதான் அவன் வேலை. பாவம், அவனும் காவல்தான் காக்கறான், ஆனா யாரும் அதைக் கணக்குல எடுத்துக்கறதில்ல.

போன ஐப்பசியில டில்லிபாபு இந்த ஜோடியைக் கொடுத்தான். பக்கத்துத் தெருவுல மீன் கடை வெச்சிருக்கான், என் கூடப் படிச்சவன். 'கோட்டி, இது நம்ம போர் தண்ணியில முட்டை போடாது, மழைத்தண்ணி வேணும்'னான். என் பேரு தனகோட்டி, அவன் கோட்டின்னுதான் கூப்பிடுவான். நம்ம ஏரியா போர் தண்ணி உங்களுக்குத் தெரியும், பாத்திரத்துல வெள்ளையாப் படியும். அதனால மாடியில மூணு டிரம் வெச்சேன். டிரம் வைக்க எடம் வேணும்ல, துணிக்கொடியை அவுத்துட்டேன். அதுல ஹேமாவுக்கு என் மேல கோவம். அதை ஞாபகம் வெச்சுக்கங்க, அப்பறம் வரும்.

மழை நல்லாப் பிடிச்சுது. பிடிச்ச தண்ணியை மாத்தி நாலாம் நாள் முட்டை. நான் கடையில எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். ஹேமாவுக்கும் ஒரு பெட்டி கொண்டு வந்தேன். அவ பிரிக்கல.

அந்த மொத முட்டை பூசணம் பிடிச்சு வெளுத்துப் போச்சு. சரி, மொத தடவை அப்படித்தான். ரெண்டாவது தடவை விடக்கூடாதுன்னு ரொம்ப ஜாக்கிரதையா இருந்தேன். ஓட்டுக்குள்ள இருட்டா இருக்கும் மேடம், வெளியில இருந்து ஒண்ணும் தெரியாது. அதனால மணிக்கு ஒரு தடவை செல்ஃபோன் டார்ச்சை அடிச்சு உள்ள பார்ப்பேன். சில நேரம் ஓட்டை லேசாத் தூக்கியும் பார்ப்பேன். ஞாயித்துக்கிழமை பூரா வேற வேலையே பார்க்கல. அப்படிப் பார்த்தும் என்ன ஆச்சு தெரியுமா? சாயங்காலம் பார்த்தா ஒரு முட்டைகூட இல்ல. தின்னுட்டா.

ஹேமாவையும் நான் அப்படித்தான் பார்த்துக்கிட்டேன். ரெண்டு தடவை உண்டாச்சு, ரெண்டும் தங்கல, அது உங்க ஃபைல்ல இருக்கும். படி ஏறாத, குனியாத, குடம் தூக்காத, இடது பக்கமாப் படு, சாப்பிட்டியா, ஏன் சாப்பிடல. கடையில இருந்து அரை மணிக்கு ஒரு ஃபோன். ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டுப் பாருங்க.

மீன் கதைக்கு வரேன். எனக்குக் கோவம் வந்துடுச்சு. இந்த ஹால்ல நின்னுக்கிட்டு அவளைத் திட்டினேன். 'இவ ராசி இல்லாதவ. ரெண்டு தடவை கொடுத்தும் காப்பாத்தத் தெரியல'ன்னு. மீனைத்தான் மேடம். ஹேமா இதோ இங்க உக்காந்து முருங்கைக் கீரை உருவிக்கிட்டு இருந்தா. எழுந்து உள்ள போயிட்டா. கீரை அப்படியே கிடந்தது, மீதியை நான்தான் உருவினேன். அதுல இருந்து ஒன்பது நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. துணிக்கொடி கோவம். நானும் புதுசா நைலான் கொடி வாங்கிட்டு வந்து பால்கனியில கட்டிக் கொடுத்தேன். அப்பவும் பேசல. சில பேருக்குக் கோவம் வந்தா எறங்க நேரம் ஆகும்.

கார்த்திகையில மூணாவது தடவை போட்டா. இந்தத் தடவை நான் முடிவு பண்ணிட்டேன், இவளை நம்பக் கூடாது. முட்டையோட கொட்டாங்குச்சியை எடுத்து ஐஸ்க்ரீம் டப்பாவுல போட்டு, பூசணம் வராம நீல மருந்து ரெண்டு சொட்டு விட்டு, காத்துக் குழாயைச் சொருகிட்டேன். அவளுக்கு ஒரு புது ஓடு வெச்சேன். நான் ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவன் கிடையாது.

அவ என்ன பண்ணினா தெரியுமா? அந்தக் காலி ஓட்டுக்குள்ள போயி, ஒண்ணுமில்லாத கூரைக்கு விசிறிக்கிட்டே இருந்தா. முட்டைக்குக் காத்து போகணும்னு துடுப்பால விசிறுவாங்க இதுங்க. ஒரு நாள் இல்ல, அஞ்சு நாள். மஞ்சளும் இறங்கல. நான் ஹேமாகிட்ட காட்டினேன். 'பாரு, புத்தியே இல்ல'ன்னேன். ஹேமா பார்த்தா.

ஆறாம் நாள் டில்லிபாபு ஒரு கவர்ல டாஃப்னியா கொண்டு வந்தான். தண்ணிப்பூச்சி மேடம், கடுகை விடச் சின்னதா துள்ளித் துள்ளிப் போகும், குட்டையில கிடைக்கும். மீனுக்கு அல்வா மாதிரி. சரி, பட்டினியா இருக்காளேன்னு ஒரு கரண்டி ஊத்தினேன்.

திங்கல மேடம்.

கூட்டமா ஒரு மூலையில சேர்த்தா. சுத்திச் சுத்தி வந்தா. ஒண்ணு ரெண்டு தள்ளிப் போச்சுன்னா வாயால கவ்வி எடுத்து, கொண்டாந்து கூட்டத்துல துப்பினா. குஞ்சுங்களை இந்த ஜாதி அப்படித்தான் மேய்க்கும். தண்ணிப்பூச்சியைக் குஞ்சுன்னு வெச்சுக்கிட்டா. புருஷன்காரன் வந்தான், அவனுக்குப் பசி, நியாயம்தானே, ஒரு பூச்சியை லபக்குன்னான். அவன் வாலைப் பிச்சுட்டா. இன்னிக்கும் பாருங்க, கீழ் ஓரம் கொஞ்சம் குட்டையா இருக்கும். சாப்பாட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டு அவ பட்டினி கிடக்கா. நான் இந்த மாதிரி பார்த்ததே இல்ல.

எனக்குச் சிரிப்பு தாங்கல. வீடியோ எடுத்தேன். எங்க மீன் வளர்க்கறவங்க வாட்ஸாப் குரூப் ஒண்ணு இருக்கு. அதுல 'பைத்தியக்கார அம்மா'ன்னு தலைப்புப் போட்டு விட்டேன். நூத்துச் சொச்சம் பேர் சிரிக்கிற பொம்மை போட்டாங்க. சேலத்துல இருந்து ஒருத்தர் ஃபோனே பண்ணினார். ஹேமாகிட்டயும் காட்டினேன். அவ ஒரு தடவை பூராப் பார்த்தா. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துட்டு நேரா தொட்டிகிட்ட போய் நின்னா.

அதுவரைக்கும் அவ அந்தத் தொட்டியைச் சட்டை பண்ணினதே இல்ல மேடம். அன்னியில இருந்து முக்காலியைப் போட்டு அது முன்னாடிதான் உக்காருவா. மத்தியானச் சாப்பாடே அங்கதான்னு எதிர் வீட்டுல சொன்னாங்க. ஒரு நாள் நான் கடையில இருந்து வந்து சட்டை மாத்திக்கிட்டு இருக்கேன், திரும்பிப் பார்க்காமயே கேட்டா.

'ஏங்க, அது தன்னோட குஞ்சு இல்லன்னு இதுக்குத் தெரியுமா, தெரியாதா?'

'மீனுக்கு என்ன தெரியும்? மூளை அரிசி நொய் அளவுதான்'னேன்.

'இல்லங்க. தெரிஞ்சேதான் பார்த்துக்குதுன்னு நினைக்கிறேன்.'

ஒன்பது நாளும் தாண்டி அவ என்கிட்ட பேசின மொத பெரிய பேச்சு அது. எதுக்கு இழுத்து விட்டுக்கணும்னு இருந்துட்டேன்.

இதுக்கு நடுவுல டப்பாவுல முட்டை பொரிஞ்சு குஞ்சுங்க நீந்த ஆரம்பிச்சுடுச்சு. அறுபத்தி நாலு. எண்ணினேன். பூதக்கண்ணாடி நம்ம தொழில்லயே இருக்கே. ஆனா மழையில குஞ்சுத் தீனி எங்கயும் கிடைக்கல. அவிச்ச முட்டை மஞ்சக் கருவைக் கரைச்சு விட்டேன். கொஞ்சமா விட்டா பத்தாதேன்னு மூணு வேளையும் விட்டேன். தண்ணி நாறிப் போச்சு. தினம் காலையில பார்த்தா அஞ்சு, ஆறு அடியில கிடக்கும். ஒரு நாள் பதினொண்ணு. இங்க் ஃபில்லரால உறிஞ்சி எடுத்து துளசித் தொட்டியில விடுவேன். விட்டுட்டுத்தான் கடைக்குப் போவேன். அந்த ஒரு வாரம் ரெண்டு பேருக்குப் பவர் மாத்தித் தேய்ச்சுட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார்.

ஹேமா சொன்னா, 'அதை அதோட அம்மாகிட்டயே விட்டுடுங்களேன்.'

'தின்னுடுவா. ஏற்கெனவே தின்னவ.'

'பூச்சியையே திங்கலியே.'

'பூச்சி வேற.'

எப்படி வேறன்னு கேட்டா. வேறன்னா வேறதான்னேன்.

ஒரு வியாழக்கிழமை. வீட்டுக்கு வரேன், ஐஸ்க்ரீம் டப்பாவைக் கழுவி சமையல் மேடையில கவுத்து வெச்சிருக்கு. 'யாரைக் கேட்டு ஊத்தின?'ன்னு கத்தினேன். அக்கம்பக்கத்துல கேட்டிருக்கும், நீங்க விசாரிச்சாலும் சொல்லுவாங்க, அதனால நானே சொல்லிடறேன். அவ கையைத் துடைச்சுக்கிட்டே தொட்டியைக் காட்டினா. மிச்சம் இருந்த இருபத்திரண்டையும் ஊத்திட்டா.

நான் வலையை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டேன், திரும்ப அள்ளிடலாம்னு. கையை உள்ள விட்டேன். அவ வந்தா பாருங்க! இந்த ரெண்டு கணு மீன், என் கட்டைவிரல்ல ஒரே இடி. வலிக்கல, ஆனா நான் கையை இழுத்துட்டேன். திரும்ப விட்டேன். திரும்ப இடி. குஞ்சுங்க பயந்து சிதறுச்சு. ஒவ்வொண்ணா வாயில எடுத்துட்டுப் போய் ஓட்டுக்குள்ள துப்பிட்டு வரா. வந்து என் கையை ஒரு முட்டு. போய் இன்னொண்ணை எடுக்கறா. வந்து ஒரு முட்டு. நான் கையை அப்படியே அசைக்காம வெச்சுக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. கை வெறைச்சுப் போச்சு.

அப்போதான் ஒண்ணு கவனிச்சேன். ஓட்டு வாசல்ல குஞ்சுங்களோட அந்தத் தண்ணிப்பூச்சியும் இருக்கு. அதுலயும் ஏழெட்டு மிச்சம் இருந்துச்சு. சொந்தக் குஞ்சு வந்துடுச்சேன்னு பூச்சியை அவ துரத்தல மேடம். பூச்சி தள்ளிப் போனாலும் அதே மாதிரிதான் கவ்விக்கிட்டு வந்தா. குஞ்சு போனாலும் அதே மாதிரிதான்.

நீங்க எழுதறதுன்னா இதை எழுதிக்கங்க. தத்து வேணாம்னு நான் சொன்னப்போ எல்லாம் நம்ம ரத்தம், அடுத்தவங்க ரத்தம்னுதான் பேசினேன். எங்க அம்மா, மாமா எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க, எனக்கும் அது சௌகரியமா இருந்தது. ஆனா என் பயம் ரத்தம் இல்ல. ஒரு குழந்தையைக் கூட்டிட்டு வந்துடறோம். நாளைக்கே எங்களுக்குன்னு ஒண்ணு பொறந்துடுது. அன்னிக்கு நான் கூட்டிட்டு வந்த குழந்தையை ஓரங்கட்டிட்டா? வேணும்னு இல்ல, என்னை அறியாமலே. ஸ்வீட் வாங்கினா ஒண்ணுக்குப் பெருசு, ஒண்ணுக்குச் சிறுசுன்னு கை போயிட்டா? அந்தக் குழந்தை அதைப் பார்த்துடுமே. அந்த பயம்தான் மேடம். ஹேமாகிட்டகூட இதை நான் சொன்னதில்ல. எப்படிச் சொல்றது? அவ என்னைப் பத்தி என்ன நினைப்பா?

அன்னிக்கு சாயங்காலம் வலையைக் கழுவிக்கிட்டே சொன்னேன், 'அந்த ஃபாரத்தைக் கொண்டா'ன்னு. எந்த ஃபாரம்னு அவ கேக்கல. ஒரு நிமிஷம்கூட ஆகல, எடுத்துட்டு வந்துட்டா. எல்லாம் எழுதி முடிச்சிருந்தது, என் கையெழுத்துக்கு மட்டும் எடம் காலி. கை ஈரமா இருந்ததுல ஒரு எடத்துல மை கலைஞ்சிருக்கும், பார்த்திருப்பீங்க.

இருபத்திரண்டுல பத்தொன்பது தேறிடுச்சு. பெரிசாகி டில்லிபாபு கடைக்கே போயிடுச்சு. குரூப்ல எல்லாரும் எப்படி எப்படின்னு கேட்டாங்க. மழைத்தண்ணின்னு சொன்னேன். அடிப்படை அதுதான் மேடம், தண்ணி சரியா இருந்தா மத்தது தானா வரும்.

அவ்வளவுதான். இதான் காரணம். ஏன் மேடம், பேனாவை மூடிட்டீங்க? நான் ஏதாவது ஜாஸ்தி பேசிட்டேனா?

என்னது? ஹேமாவும் இதே மீன் கதையைத்தான் சொன்னாளா? அட. நான் சொன்னா மட்டும் மீனைப் பத்திப் பேசாதீங்கம்பா.

நான் ஊத்தினேன்னா? குஞ்சுங்களையா? அப்படியா சொன்னா?

இல்ல, எங்க, படிங்க. அவ சொன்ன மாதிரியே படிங்க.

'என் வீட்டுக்காரர் குஞ்சுங்க சாகறதைத் தாங்க முடியாம, அவரே எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட விட்டார். விட்டுட்டு, அதுங்களை ஏதும் பண்ணிடுமோன்னு பயந்து ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள கையை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தார். அழுதார். அழறது அவருக்கே தெரியல. இவர்கிட்ட ஒரு குழந்தையை நம்பிக் கொடுக்கலாம்.'

அழுதேனா? தண்ணி தெறிச்சிருக்கும். அவதான் அப்படி இடிச்சாளே.

அந்த வீடியோவைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா? பேரு வெச்சு விட்டேனே, அது? சொல்லல. கத்தினதை? அதுவும் சொல்லல. மணிக்கு மணி டார்ச் அடிச்சது? ராசி இல்லாதவன்னு சொன்னது? அவ கீரையை வெச்சுட்டு எழுந்து போனாளே, அன்னிக்கு... அதைச் சொல்லவே இல்லியா.

மேடம், அது துணிக்கொடி கோவம்தானே?

நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

...

இருங்க. இல்ல, தண்ணி வேணாம். ஒண்ணுமில்ல. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், தொட்டித் தண்ணி குறைஞ்சா குறையட்டும். ஒன்பது நாள் மேடம். புதுக் கொடி வாங்கிட்டு வந்து கட்டிட்டு, எப்படி இருக்குன்னு வேற கேட்டேன்.

ரெண்டு பேர் சொல்றதும் வேற வேறயா இருக்கு, எதை எழுதிக்கறதுன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான், உங்க வேலை அது. அவ சொன்னதையே எழுதிக்கங்க. நான்தான் ஊத்தினேன். நான் இவ்வளவு நேரம் சொன்னது தப்பு, அடிச்சுடுங்க. ஹேமா பொய் சொல்ல மாட்டா மேடம்.